அறுந்து போகும் இடம்

ஒரு பெண்ணின் வலது கை ஆட்காட்டி விரலை நான் கெடுத்தேன். ஒரு சுருளில் கட்டியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்து இன்னொரு சுருளில் கட்டினேன். செய்தது அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தவறு பிறகு செய்தது. பிழை உங்கள் விரலுடையதுதான் என்று அவரையே நம்ப வைத்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வரும்வரை அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. லான்மடாப் பேட்டையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டதும் இல்லை. 'அமா' என்பார்கள். பர்மிய மொழியில் அக்கா என்று பொருள். தமிழ்க் காதுக்கு, அம்மா என்று சொல்ல வந்து பாதியில் அடங்கியதுபோல் இருக்கும். அவரைவிடப் பல வயது மூத்த நானும் அப்படித்தான் அழைத்தேன். அவர் என்னை 'சயா' என்பார். வாத்தியாருக்கும் படித்தவருக்கும் இங்கே அந்தச் சொல்தான். அவர் சொல்லும்போது மட்டும் அதில் கொஞ்சம் உப்பு இருக்கும்.

ஒடுங்கிய தெரு ஒன்றில் தரைத்தளத்தில் அவருடைய பார்லர். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வாசலில் ஒரு பெஞ்சு. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் முடி உலர்த்தும் கருவி பாதி நாள் ஆணியில் தொங்கும். அவருக்குச் சோறு போட்டது நூல். புருவம் எடுக்க மின்சாரம் வேண்டாம். வாசல் வெளிச்சம், பல், இரண்டு கை போதும். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபாதியை விரல்களில் முறுக்கிப் பிரிக்கும்போது ரோமம் வரிசையாக வந்துவிடும். ஓயாமல் பேசுகிறவர் அந்த நேரத்தில் மட்டும் வாய் திறக்க முடியாது. "அமா வாயில நூல் இருந்தாத்தான் இந்தத் தெருவுக்கு நிம்மதி" என்பார்கள் எதிர்வீட்டுக்காரர்கள்.

கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு கழிகள் சாத்தியிருக்கும். வரும் பெண்கள் திரைச்சீலைக் கம்பி என்று நினைத்துக்கொள்வார்கள். அவை தூண்டில் கழிகள். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அமா விரால் பிடிக்கப் போவார்.

மண்புழு குத்திவிட்டுக் காத்திருக்கும் ஆள் அல்ல அவர். ரப்பர் தவளையைத் தாமரை இலைகளுக்கு மேல் எறிந்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, விராலுக்குக் கோபம் வரவைத்துப் பிடிப்பவர். "பசிக்குக் கடிக்கிற மீனை யாரும் பிடிச்சுடலாம் சயா. கோவத்துல கடிக்கிறதைத்தான் பிடிக்கணும்."

அவரை நான் முதலில் பார்த்தது லான்மடாவில் பாய் ஒருவருடைய தூண்டில் சாமான் கடையில். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மனைவியும் போய், துறைமுகப் பக்கத்துப் போட்டாதாங்கில் மகளோடு இருந்த எனக்குப் பொழுது போகவில்லை. மீன் பிடிக்கலாம் என்று போயிருந்தேன். கடைக்குள் ஒரு பெண்மணி நரம்புச் சுருள்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் நுனியையும் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமா, கடிச்சதுக்கெல்லாம் பில்லு போட்டுடுவேன்" என்றார் பாய்.

"போடுங்க பாய். லேபிள்ல இருக்கிற பொய்க்கு நீங்க எனக்குப் பில்லு குடுங்க."

நரம்பு என்றால் கண்ணாடிபோல் இருக்கும் நைலான். கழியின் சக்கரத்தில் சுற்றுவது பின்னல் நூல். மெல்லியது, ஆனால் லேசில் அறாது. அதன் நுனியில் ஒரு முழத்துக்கு இந்த நரம்பைக் கட்டி, நரம்பின் நுனியில் தவளையைக் கட்டுவார்கள். எவ்வளவு உறுதியான நரம்பு கிடைக்கும் என்று நான் பாயைக் கேட்டேன். அமா திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு உறுதி? கப்பலைக் கரைக்கு இழுக்கப் போறீங்களா?"

நான் உண்மையில் கப்பலோடு சம்பந்தப்பட்டவன். சரக்குச் சேத மதிப்பீட்டாளனாக ஆயுள் முழுக்க வேலை பார்த்தேன். போட்டாதாங் கிடங்குகளில் மூட்டை நனைந்தால், பெட்டி விழுந்தால், எதனால் நடந்தது, யாருடைய பிழை என்று பார்த்து எழுதித் தருவது என் தொழில். கயிறு தானாக அறுந்ததா, யாராவது அறுத்தார்களா என்று பிசிறைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே சயா. கடைசியில எது அறுந்து போகணும்னு மொதல்ல முடிவு பண்ணணும். அப்புறந்தான் கழி, அப்புறந்தான் தவளை, அப்புறந்தான் மீனு."

அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்றால் இதைத்தான் எழுதுவேன். எதைத் தொடங்கினாலும் அது அறுந்து போக ஓர் இடம் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம், பார்லர் என் பேரில்தான் இருக்கும், நீங்க போக நெனைச்சா உங்க பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போகலாம் என்று சொன்னாராம். புருஷன் ஒருநாள் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மலேசியா போனார். அமா மறுநாள் காலை வழக்கம்போல் கடை திறந்தார். மணப்பெண்களுக்குப் புருவம் எடுத்து முடித்து, நூலைத் துப்பிவிட்டு, "சிரி, புள்ளே. ஆனா ஒரு கதவுக்குத் தாழ்ப்பா உன் பக்கம் இருக்கட்டும்" என்பார். பெண்ணைப் பெற்ற தாய்மார்கள் முறைப்பார்கள்.

தூண்டிலில் அந்த இடம், நுனி நரம்பு. அதை வேண்டுமென்றே மெலிதாகக் கட்டுவார். தண்ணீருக்குள் கட்டையில் மாட்டினாலும், அடங்காத மீன் வேருக்குள் புகுந்தாலும், ஓர் இழுப்பில் அது மட்டும் அறும். தவளை ஒன்று போகும். கழியும் சக்கரமும் நூலும் ஆளும் மிஞ்சும்.

கடையில் வாங்கிய நரம்பை அப்படியே வைத்துக்கொள்ளவும் மாட்டார். புருவ நூல் தீர்ந்த பிளாஸ்டிக் கட்டைகளில் சுற்றிக்கொள்வார். லேபிள் குப்பைக்குப் போய்விடும். எல்லாச் சுருளும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மெலிந்த நுனி நரம்பு எது என்று காட்ட, அந்தச் சுருளின் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்பு நூல் கட்டுவார்.

கழி தேர்ந்தெடுப்பதும் விரலால்தான். கழியின் நுனியைப் பாயின் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்லி, அடிப்பக்கத்தில் ஆட்காட்டி விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "நுனி சொல்றது அடிக்குக் கேக்கணும். இது செவிடு பாய், உள்ள வைங்க." தவளையை வாங்கியதும் கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்னக் கத்தரியை எடுப்பார். புருவ ஓரம் வெட்டும் கத்தரி. தவளையின் இரண்டு ரப்பர்க் கால்களில் ஒன்றைக் கொஞ்சம் கட்டையாக்குவார்.

"ரெண்டு காலும் சமமா இருந்தா நேரா வரும். எந்தத் தவளை நேரா வருது? ஒண்ணு கட்டையா இருந்தாத்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளாடும். மீனுக்கு அதைப் பாத்தாத்தான் எரிச்சல் வரும்." பிறகு என் முகத்தைப் பார்ப்பார். "சயாவுக்குப் புருவம் ரெண்டும் புதராக் கெடக்கு. அதுக்குள்ள ஒரு விரால் இருக்கும்."

திங்கட்கிழமைகளில் நான் கூடப் போகத் தொடங்கினேன். ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊரைத் தாண்டி, செங்கலுக்கு மண் வெட்டி வெட்டி உண்டான ஒரு பெரிய குளம்; அதில் ஒரு தட்டைப் படகில் இருவரும் போவோம். காலை பஸ்ஸில் பாலம் கடக்கும்போது சிப்பாய்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். "கழியை உறையில போடாதீங்க சயா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "நீளமா எதையாவது மூடி எடுத்துட்டுப் போனா வேற என்னமோன்னு நெனைப்பாங்க." அவருடைய கழி நுனியில் தவளை ஆடிக்கொண்டிருக்கும். சோதிக்கிறவர்கள் தவளையைப் பார்த்துச் சிரித்து விட்டுவிடுவார்கள். அந்தச் சிரிப்பு வரும்வரை பஸ்ஸில் யாரும் மூச்சு விட மாட்டோம்.

முதல் நாளே எனக்கு அவமானம் நடந்தது. பேச்சைக் கேட்காமல், நுனி நரம்பே இல்லாமல், கனத்த பின்னல் நூலில் நேராகத் தவளையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மூன்றாவது வீச்சில் அது மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் மாட்டியது. இழுத்தேன். அறவில்லை. எழுந்து நின்று இழுத்தேன். தட்டைப் படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. அமா எட்டி, கழுத்துக் கத்தரியால் என் நூலைக் கத்தரித்தார். நான் மல்லாந்து விழுந்தேன்.

"உங்க கயிறு அறாது. அதனால நம்ம படகு கவுந்துடும்" என்றார்.

அதை அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் பாய் கடையில் நான் உள்ளே நுழையும்போது சிரிப்புச் சத்தம். "சயா நங்கூரத்துல தவளையைக் கட்டிட்டு வந்தாரு பாய்!" கயிற்றைப் பற்றி நாலு பேருக்குச் சாட்சி சொன்னவன் நான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தக் குளத்தில் ஒரு பெரிய விரால் இருந்தது. மூழ்கிய மரத்தின் வேருக்குள் குடியிருந்தது. அமாவின் நரம்பை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போனது. இரண்டு முறையும் அவர் கையைத் தட்டிச் சிரித்தார். "போடா மவனே, போ! வாயில தொங்குற தவளை நம்ம சீதனம்." எனக்கோ தூக்கம் வரவில்லை. நல்ல நரம்பு போட்டால் அந்த மீன் படகுக்குள் இருக்கும். இந்த அம்மாளின் தத்துவம் வெறும் பயம். அதை அவருடைய கையாலேயே காட்ட வேண்டும். இப்படித்தான் என் புத்தி ஓடியது. வயதான, படித்த புத்தி.

பழக்கமான ஒரு கப்பல்காரர் ஜப்பான் நரம்பு ஒரு சுருள் கொடுத்தார். தடிமன் அமாவின் நரம்பு அளவுதான், உறுதி இரண்டு மடங்குக்கு மேல். அதை அமாவுக்குப் பரிசாகக் கொடுத்தேன். கடித்துப் பார்த்தார். "அடேயப்பா! இது படகு கட்ட ஆகும்" என்று சொல்லி அதையும் ஒரு பிளாஸ்டிக் கட்டையில் சுற்றிப் பெட்டியில் போட்டார். சிவப்பு நூல் கட்டவில்லை.

ஒரு ஞாயிறு மாலை. அன்று ஒரே கல்யாண வீட்டிலிருந்து வரிசையாகப் பெண்கள் வந்திருந்தார்கள். அமா சோர்ந்திருந்தார். பெட்டியை என் பக்கம் தள்ளி, "பாத்துக்கிட்டு இருங்க சயா, மூஞ்சி கழுவிட்டு வந்து நாளைக்கு நரம்பு கட்டணும்" என்று உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் சிவப்பு நூலை அவிழ்த்தேன். ஜப்பான் நரம்புச் சுருளின் கழுத்தில் கட்டினேன். அவர் கட்டுவதுபோலவே இரண்டு முடிச்சு. அவர் ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்து, சிவப்பு நூல் இருந்த சுருளை எடுத்து, ஒரு முழம் இழுத்து, கட்டினார். முடிச்சை எச்சிலில் நனைத்து இறுக்கும்போது ஒரு கணம் நிறுத்தினார். விரலால் மறுபடி தடவினார். சுருளைப் பார்த்தார். சிவப்பு நூல் இருந்தது. கத்தரித்துவிட்டார்.

மறுநாள் குளத்தில் மழைக்காற்று. அமா முன்னால், நான் பின்னால் மூங்கில் கழியை ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மரத்துக்குப் பக்கத்தில் தவளை தள்ளாடித் தள்ளாடி வந்தது. நின்றது. தண்ணீர் வெடித்தது.

"அவன்தான் சயா! அவனேதான்!"

மீன் ஒரே பாய்ச்சலில் வேருக்குள் போய்விட்டது. கழி வளைந்தபடி நின்றது. காத்தோம். சில சமயம் தானே வெளியே வரும். வரவில்லை. நூல் வேரில் நன்றாகச் சுற்றிக்கொண்டுவிட்டது.

"சரி, இன்னொரு சீதனம்" என்றார். இந்த இடத்தில் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். கைக்குட்டையை விரல்களில் மடித்து, பின்னல் நூலை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, நேராக இழுப்பார். மெலிந்த நரம்பு உடனே அறும். உறுதியான நரம்பு என்றால் அப்படி யாரும் கையில் சுற்ற மாட்டார்கள். அது அவருக்கு எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். சிவப்பு நூலை நம்பித்தான் சுற்றினார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். 'அமா, கையை எடுங்க' என்று மூன்று சொல். சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும். அதோடு மீன் இன்னும் இருந்தது. வேருக்கு மேல் அதன் முதுகு ஒருமுறை கறுப்பாகப் புரண்டதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தால் வேரோடு வந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் இழுத்தார். அறவில்லை. "என்ன இது?" என்றார். அந்த நேரம் காற்று படகைத் தள்ளியது. என் மூங்கில் சேற்றிலிருந்து நழுவியது. படகு பின்னால் போனது, நூல் வேரில் நின்றது, நடுவில் அவருடைய விரல்கள்.

"வெட்டுங்க! சயா, கழுத்துல கத்தரி, வெட்டுங்க!"

எட்டினால் தொடும் தூரம். நான் ஒரு மூச்சு நேரம் மீன் இருந்த பக்கம் பார்த்தேன். அந்த ஒரு மூச்சை நான் இன்னும் விடவில்லை. பிறகுதான் கத்தரித்தேன்.

கைக்குட்டையை விரித்துப் பார்த்த அமா திரும்ப மூடிக்கொண்டார். அழவில்லை. உதடு மட்டும் வெளுத்தது. கிடைத்த வண்டியில் திரும்பினோம். பாலத்தில் நிறுத்தினார்கள். ரத்தம் தோய்ந்த கைக்குட்டையையும் கழிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு, இது எப்படி ஆனது என்று என்னைக் கேட்டான். அமா இடது கையால் இன்னொரு கழியில் தொங்கிய தவளையைத் தூக்கிக் காட்டி, "இன்னிக்கு மீன் என்னைப் பிடிச்சிருச்சு தம்பி" என்றார் பர்மிய மொழியில். விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் சொன்னதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். "ஆள்காட்டி விரல்ல நரம்பு அறுந்து போச்சாம். தச்சிருக்காங்களாம். முன்ன மாதிரி மடங்காதாம்." பிறகு சிரிக்க முயன்றார். "பாருங்க, அறுந்து போக வேண்டிய நரம்பு அறுந்து போகலே. போகக் கூடாத நரம்பு போயிடுச்சு."

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"சயா, இது உங்க தொழில்தானே. சொல்லுங்க. எதனால அது அறலே?"

ஆயுள் முழுக்க அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். நிதானமாக, அறிக்கை எழுதும் குரலில் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை ரொம்பக் களைச்சிருந்தீங்க அமா. என்னிக்கோ சிவப்பு நூலைச் சுருள் மாத்திக் கட்டியிருப்பீங்க. தொட்டுப் பாத்தப்பவும் விரலுக்குத் தெரியலே. ஓஞ்ச கை அப்படித்தான்."

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "என் விரலுக்கா தெரியலே?" என்றார். என்னைக் கேட்கவில்லை. விரலைக் கேட்டார்.

காயம் ஆறியது. விரல் முக்கால்வாசி மடங்கவும் செய்தது. பார்லரில் முடி வெட்டினார், சாயம் போட்டார். நூலை மட்டும் எடுக்கவில்லை. நான் பழம் வாங்கிக்கொண்டு போவேன். வலிக்குதா என்று கேட்பேன். கல்யாண வீடுகள் வேறு பார்லருக்குப் போய்விட்டன. சுவரில் இருந்த கழிகள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. பாய்தான் திரும்ப வாங்கிக்கொண்டாராம். "கண்ணை மூடிக்கிட்டுக் கழி பாக்குறவங்க சயா அவங்க. 'இப்ப ஒண்ணும் கேக்கலே பாய்'னு சொல்லிட்டுக் குடுத்துட்டுப் போறாங்க" என்றார்.

ஒருநாள் என் மகள் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் பாதியில் பர்மிய மொழிக்குப் போய்விடும். "அப்பா, இன்னிக்கு நான் அமாகிட்டப் புருவம் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நூலை வாயில வெச்சாங்க. என் கண்ணுக்கிட்டக் கொண்டு வந்தாங்க. கை நடுங்குது. கையை விலக்கிட்டாங்க. விரல் வலிக்குதான்னு கேட்டேன். 'வலி இல்லேம்மா. இது ஒருவாட்டி பொய் சொல்லிடுச்சு. இனிமே உன் கண்ணுக்கிட்டக் கொண்டுவர எனக்குப் பயமா இருக்கு'ன்னாங்க. நாற்காலியைக்கூட விக்கப் போறாங்களாம்."

அன்றுதான் எனக்கு விளங்கியது. நூல் வெட்டியது விரலை. விரலின்மீது அவருக்கிருந்த நம்பிக்கையை வெட்டியது என் வாய்.

மறுநாள் பிற்பகல் போனேன். மின்சாரம் இல்லை. பார்லரில் வேறு யாரும் இல்லை. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் எழுந்துவிடுவேன் என்று பயம்.

"சிவப்பு நூலை மாத்திக் கட்டினது நான். நீங்க மூஞ்சி கழுவப் போனப்போ. ஆஸ்பத்திரியில சொன்னது பொய்."

விசிறி நின்றது. தெருவில் ஒரு வடைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

"பெட்டி கட்டிலுக்கு அடியில கெடக்கு. எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். தூசி. சிவப்பு நூல் நான் கட்டிய இடத்திலேயே இருந்தது. அமா அதை அவிழ்த்துக் கீழே போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "கலைச்சு வைங்க" என்றார். நான் சுருள்களை இடம் மாற்றி வைத்தேன். அவர் வடு விழுந்த விரலால் ஒவ்வொரு நரம்பாக உருவினார். ஒன்றைக் கடித்தார். அடுத்ததைக் கடித்தார்.

"இதுதான் உங்க ஜப்பான். வழவழன்னு. அன்னிக்கு முடிச்சு போடும்போதே விரல் சொல்லிச்சு சயா. நான்தான் சிவப்பு நூலைப் பாத்துட்டு, சும்மா இருன்னுட்டேன்." கண்ணைத் திறந்தார். கண் நிறைந்திருந்தது. "அப்ப இது பொய் சொல்லலே."

"இல்லே அமா."

"ஏன் செஞ்சீங்க?"

"அந்த மீன் வேணும்னு நெனைச்சேன். நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சது வேற..."

"மீனுக்கா!" என்றார். விசிறியைக் கீழே வைத்து, "நாற்காலியில உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். என் தலையைப் பின்னால் சாய்த்தார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம். நூலைப் பிரிக்கும் சத்தம். கண்ணுக்கு மேலே அவருடைய முகம் தலைகீழாக வந்தது. நூல் பல்லில் இருந்தது. இனி அவர் பேச முடியாது. ஆட்காட்டி விரலில் நூலை மாட்டிப் பார்த்தார், நழுவியது. நடுவிரலுக்கு மாற்றினார். முறுக்கிய நூல் என் வலது கண்ணிமையை உரசிக்கொண்டு வந்து நின்றது. நடுக்கம் நூலில் தெரிந்தது. அதை நிறுத்தும்வரை அப்படியே வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அது அவரை நம்பாததுபோல் ஆகும் என்று தோன்றியது.

பிறகு இழுத்தார். ஆயிரம் ஊசி. கண்ணில் நீர் கொட்டியது. மறுபடி. மறுபடி. முதலில் தாறுமாறாக, சதையோடு சேர்த்து. அப்புறம் வரிசையாக. கடைசியில் பழைய வேகம் வந்துவிட்டது. அவர் தொண்டைக்குள் ஏதோ முனகுவது கேட்டது. முன்பெல்லாம் மணப்பெண்களுக்கு எடுக்கும்போது முனகும் அதே சத்தம்.

நூலைத் துப்பினார். கண்ணாடியைக் காட்டினார். வலது புருவம் இளவட்டப் பையனுக்கு இருப்பதுபோல் ஒரு கோடு. இடது புருவம் பழைய புதர்.

"இன்னொண்ணு, அமா?"

"அது அப்படியே கெடக்கட்டும். நீங்க எழுந்து போங்க சயா. நான் கூப்பிடாம வராதீங்க."

குரலில் கோபம் இல்லை. படகில் என் நூலைக் கத்தரித்தபோது இருந்த முகம்தான். வாசலுக்கு வந்தபோது தெருவில் திடீரென்று "மீ லா பீ!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். மின்சாரம் வந்துவிட்டது என்று இங்கே எல்லாத் தெருவிலும் அப்படித்தான் கத்துவார்கள். எல்லா வீட்டு விளக்கும் எரிந்தது. ஒரு புருவத்தோடு லான்மடா முழுக்க நடந்தேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கால் கட்டையான தவளைபோல் நேராக நடக்க வரவில்லை எனக்கு.

அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. கேள்விப்படுவதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான். நடுவிரலில் நூல் பிடித்துப் புருவம் எடுக்கிறாராம். வாசல் பெஞ்சில் இடம் இல்லையாம். பாய் கடைக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பழைய கழிகளில் இரண்டைத் திரும்ப எடுத்துப் போனாராம். சுருளுக்கு இப்போது எந்த நிற நூலும் கட்டுவதில்லையாம், ஒவ்வொரு முறையும் கடித்தே பார்க்கிறாராம். திங்கட்கிழமைகளில் தனியாகப் போகிறார். அந்த விரால் இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் மகள் புருவம் எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்கக் கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. 'அப்பாவுக்குப் புருவம் வளந்துடுச்சா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் பாதிதான்னேன்."

"அதுக்கு?"

"'வளரட்டும்'னு சொன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் வாயில நூலை வெச்சுட்டாங்க."

இந்த வயதில் ரோமம் மெதுவாகத்தான் வளர்கிறது. காலையில் முகம் கழுவியதும் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கிறேன். விரலால் தடவியும் பார்க்கிறேன். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.